தோல் சீற்றுக்கு எண்ணெய் வேண்டாம்

கார் சீற்றின் தோல் கொஞ்சம் முறுகினாலே எங்கள் பக்கத்தில் சொல்லும் முதல் வைத்தியம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்பார் ஒருவர், நல்லெண்ணெய் என்பார் இன்னொருவர். வாழைப்பழத் தோலால் தேய்த்தால் மினுங்கும் என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். சித்தப்பாவின் நிஸான் செபிரோவில் சீற்றுகளைத் துப்புரவாக்கி, தேய்ந்த இடங்களுக்கு நிறமும் கொடுத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். இந்த வேலையில் முக்கால்வாசி ஊத்தை எடுப்பதுதான். மிச்சக் கால்வாசியிலும் சமையலறை எண்ணெய்க்கு இடமில்லை.

செபிரோ பழைய கார்தான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இலங்கையில் யாரும் பழைய காரை இளக்காரமாகப் பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தாலும், வரியும் சேர்ந்து வரும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். கையில் இருப்பதை வடிவாக வைத்திருக்க வேண்டியதுதான். எஞ்சினுக்கும் ரயருக்கும் செலவழிக்கும் சித்தப்பா சீற்றைக் கனகாலமாகக் கவனிக்கவில்லை. கார் நிற்பது யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு முற்றத்தில், பின்னேர வெயில் நேரே கண்ணாடிக்குள் விழும் இடத்தில்.

சீற்றின் நிலை இதுதான். வெளிர் சாம்பலாக இருக்க வேண்டிய தோல் மண்ணிறமாக மாறியிருந்தது. சாரதி சீற்றின் வலப்பக்க விளிம்பில், ஏறி இறங்கும்போது காற்சட்டை உரசும் இடத்தில், நிறம் போய் உள்ளே இருக்கும் நார் தெரிந்தது. தலை சாய்க்கும் இடம் கறுத்து, விரல் வைத்தால் ஒட்டியது. பின் சீற்றில் வெடிப்பு இல்லை. ஆனால் தையல் இடுக்கெல்லாம் செம்மண் தூள். வலிகாமத்துச் செம்மண் புகாத இடுக்கே காரில் இல்லை.

முதலில் ஒரு குஷன் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். முழுவதையும் கழற்றி ரெக்சின் என்ற செயற்கைத் தோல் போட்டுத் தருவார் என்ற எண்ணத்தில்தான் சித்தப்பா வந்தார். கடைக்கார அண்ணை பின் சீற்றை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பினார். “தம்பி, தோல் போயிட்டுது எண்டு ஆரும் சொன்னா உடன நம்பாதேங்கோ. முதல் ஊத்தையை எடுத்துப் பாருங்கோ. பிறகும் சரிவரேல்லை எண்டா என்னட்ட வாங்கோ.” தனக்கு வரக்கூடிய வேலையைத் தானே தள்ளிவைத்த மனிதர். அவர் பேச்சை நம்பித்தான் தொடங்கினேன்.

துணியும் பிரஷும் எடுக்கமுன் சீற் எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் சீற் என்று விற்கும் கார்களில் பெரும்பாலும் நாங்கள் உட்காரும், சாயும் பகுதி மட்டும்தான் தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சின். செபிரோவிலும் அப்படித்தான். சீற்றின் அடியில் கைவிட்டு மடிப்பைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோலின் மறுபக்கம் மெல்லிய பஞ்சு நாராக இருக்கும், ரெக்சினின் மறுபக்கம் நெய்த துணி. விரலால் மேலே அழுத்தினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விரலைச் சுற்றி ஓடும், ரெக்சின் சும்மா உள்ளே அமுங்கும்.

தோல் என்று உறுதியானபின் அதன் பூச்சைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஏன் கூடாது என்பதன் விடை இதில்தான் இருக்கிறது. கார் சீற்றுக்கு வருவது பெரும்பாலும் மாட்டுத்தோல், அதில் கனக்க குரோமிய உப்பில் பதனிட்டவை. (தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் தோல் வேறு வகை, அதன் குணமும் வேறு.) பதனிடும்போதே நாருக்குள் எண்ணெய் ஏற்றிவிடுவார்கள். தோல் வளைந்து கொடுப்பது அதனால்தான். அதன் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத பொலியூரித்தேன் பூச்சு. நாங்கள் தொடுவதும் துடைப்பதும் இந்த மேற்பூச்சைத்தான். பெயின்ற் அடித்த சுவருக்கு மேலே எதை ஊற்றினாலும் உள்ளே இருக்கும் கல்லுக்குப் போகாததுபோல, பூச்சு நல்லாக இருக்கும் சீற்றில் விடும் எண்ணெய் மேலேயே நிற்கும். மேலே நின்று தூசியைப் பிடிக்கும், உடுப்பில் பிரளும். பூச்சு வெடித்த இடத்தில் நடப்பது இன்னும் மோசம். வெடிப்பு வழியே இறங்கிய எண்ணெய் பூச்சை அடியிலிருந்து இளக்கி உரித்துவிடும், தோலையும் கறுக்கப் பண்ணும். பிறகு நிறம் கொடுக்கப் போனால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. மாரி வந்தால் பூஞ்சணம் வேறு.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளி தண்ணீர் போதும். பின் சீற்றில் விட்ட துளி முத்தாக உருண்டு நின்றது, துணியால் ஒற்றினால் அடையாளமே இல்லை. சாரதி சீற்றின் விளிம்பில் விட்ட துளி மெல்லப் பரவி, கறுத்த வட்டமாகி, உள்ளே போனது. ஆக, பின் சீற்றுக்குத் துப்புரவு மட்டும் போதும். முன் விளிம்புக்கு நிறமும் வேண்டும்.

அடுத்தது சவர்க்காரமும் தண்ணீரும். இந்த இரண்டைப் பற்றியும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடவே யோசிக்க வேண்டும். பதனிட்ட தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதற்கு 4, 5 என்று நிற்கும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் 9, 10 என்று காரப் பக்கம். இரண்டையும் திரும்பத் திரும்பச் சேர்த்தால் தோல் விறைக்கும், பூச்சும் மங்கும். இதற்கு மேல் எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீர். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே அதில் என்ன இருக்கிறது என்று விளங்கும். அந்தச் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசின் உருவாகும். அது தோலின் வரிகளுக்குள் படிந்துகொண்டு, துடைத்துக் காய்ந்தபின் வெள்ளையாக எழும்பும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய சீற் காய்ந்ததும் சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்த்து, “பாத்தியே, காய்ஞ்சு போச்சு” என்று எண்ணெய் எடுத்து வருவார்கள். சுற்றிச் சுற்றி வந்து சேருவது அந்தப் போத்தலிடம்தான். பற்றறிக்கு ஊற்றுவதற்காக விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் நான் பாவித்தேன். பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் நல்லது.

துப்புரவாக்கும் மருந்து, ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த மச்சான் கொண்டுவந்தது. கலர்லொக் என்ற ஜேர்மன் தயாரிப்பு. அதில் மென்மையானது, கடுமையானது என்று இரண்டு வகை இருக்கிறது. மென்மையானதில் தொடங்கி, அதற்கு அசையாத இடத்துக்கு மட்டும் கடுமையானதைப் பாவிக்கலாம். வேறு எந்த நிறுவனத்தின் மருந்தானாலும் சரி, தோலுக்கென்றே செய்ததாகவும் பூச்சுள்ள தோலுக்கு உகந்ததாகவும் இருக்க வேண்டும். குதிரைச் சேணத்துக்கு விற்கும் சவர்க்காரம் இதற்கு ஒத்துவராது.

வேலையைக் காலமையிலேயே, மாமர நிழலில் தொடங்கினேன். சீற் சூடாக இருந்தால் மருந்து துடைக்கமுன்னே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் வக்கியூம். அதன் முனையில் மயிர்ப் பிரஷ் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நுனி தோலைக் கீறிவிடும், கவனம். தையலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மண்ணைக் கிண்டி எடுத்து உறிஞ்ச வேண்டும். இதற்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அந்த மண்ணோடு ஈரத்தைச் சேர்த்துத் தேய்த்தால் அரத்தாள் பிடித்ததற்குச் சமம்.

மருந்தைச் சீற்றில் நேரே தெளிக்கக்கூடாது. ஸ்பொஞ்சில் விட்டு, நுரை வரப் பிசைந்து, அந்த நுரையை மட்டும் எடுத்து, மெல்லிய மயிர்ப் பிரஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். ஒரு தடவைக்கு ஒரு சாண் அகலம், அவ்வளவுதான். வெள்ளையாகப் போன நுரை சில விநாடிகளில் பால்தேநீர் நிறத்துக்கு வந்தது. அது வரிகளுக்குள் திரும்பப் போகமுன் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுத்து, வடித்த தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த இன்னொரு துணியால் துடைத்தேன். துணியின் ஊத்தைப் பக்கத்தை மடித்து உள்ளே தள்ளி, சுத்தமான பக்கத்தால்தான் அடுத்த துடைப்பு. இல்லாவிட்டால் ஊத்தை இடம் மாறும், வெளியே வராது.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். துணியில் மண்ணிறமும் மஞ்சளும் வரும்வரை அது ஊத்தை. சீற்றின் சொந்த நிறம், எங்களுக்கு வெளிர் சாம்பல், துணியில் தெரியத் தொடங்கினால் பூச்சே கரைகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே கையை எடுத்துவிட வேண்டும். முன் சீற்றின் நடுப்பகுதியில் ஒரு இடத்தில் அப்படி மெல்லிய சாம்பல் தெரிந்தது. அங்கே இருந்த பேனை மையின் சாயலை அப்படியே விட்டுவிட்டேன். மையை எடுக்க ஸ்பிரிட் போடு என்று சொல்வார்கள். ஸ்பிரிட் மையோடு சேர்த்துப் பூச்சையும் கழற்றும். வீட்டுச் சுவரில் கிறுக்கியதை அழிக்கும் வெள்ளை மெலமின் ஸ்பொஞ்சும், பற்பசையும் பூச்சை அராவி எடுப்பவை. தேசிக்காயும் வேண்டாம்.

சீற்றில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் ஈரம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். துளைக்குள் போன தண்ணீர் கீழே பஞ்சில் தங்கிவிடும். சீற்றின் பக்கத்தில் எயார்பாக் இருக்கும் காரென்றால் அந்தப் பக்கத்தை நனைக்கவே கூடாது. சீற்றைக் கழற்றுவதென்றால் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகுதான் சீற்றுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் இணைப்பில் கை வைக்கலாம். நான் கழற்றவில்லை. கதவை விரியத் திறந்து, ஒரு பலகைத் துண்டில் குந்தி இருந்தே எல்லாம் செய்தாயிற்று.

பின் சீற் காய்ந்ததும் சித்தப்பா வந்து பார்த்தார். “பளபளப்புப் போயிட்டுதே தம்பி?” என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பளபளப்பு வியர்வையும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அழுந்தி வந்த மினுக்கம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது தோல் மங்கலாகத்தான் இருக்கும். தலைச்சாய்வைக் கழற்றி அதன் அடியில், வெயிலும் கையும் படாத இடத்தைக் காட்டினேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே மங்கல். பிறகு பின் சீற்றில் ஏறி உட்கார்ந்து, கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். முறுகி இருந்தது என்று நினைத்த சீற் இளகி இருந்தது. விறைப்பெல்லாம் மேலே படிந்து காய்ந்த ஊத்தையின் விறைப்பு.

தலைச்சாய்வு மட்டும் லேசில் மசியவில்லை. எங்கள் ஆட்களின் தலையில் எண்ணெய் இல்லாத நாள் குறைவு. அந்த எண்ணெயும் தலையின் சொந்தக் கொழுப்பும் ஆண்டுக்கணக்காக ஊறினால் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். கடுமையான மருந்தால் ஆறுதலாகத் திரும்பத் திரும்ப எடுத்து, இடையிடையே டால்கம் பவுடரைத் தடிப்பாகத் தூவி இரவு முழுக்க விட்டேன். பவுடர் காலமையில் மஞ்சளாகிக் கட்டிப்பட்டிருந்தது. எண்ணெய் அந்த அளவுக்கு மேலே வந்திருந்தது. நடுவில் பூச்சு உரிந்த ஒரு திட்டு தெரிந்தது. அதையும் நிறம் கொடுக்கும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

சாரதி சீற்றின் விளிம்புக்கு வருவோம். நிறம் கொடுப்பது துப்புரவைவிடக் கெதியாக முடியும், ஆனால் பொறுமை கூட வேண்டும். தேய்ந்த இடத்தையும் அதைச் சுற்றிய ஓரத்தையும் 600 நம்பர் அரத்தாளால் மெதுவாக உராய்ந்து, பிரிந்து நின்ற நார்களைப் படுக்க வைத்தேன். பிறகு 1000 நம்பர். ஓரத்தில் பழைய பூச்சு படி கட்டி நிற்காமல் சரிந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை நிறம் போட்டாலும் அந்தக் கோடு தெரியும். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. முன்னே வேண்டாம் என்று சொன்ன ஸ்பிரிட் இந்த ஒரு கட்டத்துக்குத்தான் தேவை, எண்ணெய்ப் பசை இல்லாமல் நிறம் பிடிப்பதற்காக. வெடிப்புகளுக்கு வளைந்து கொடுக்கும் தோல் நிரப்பியை மெல்லிதாகப் போட்டுக் காயவிட்டு, திரும்பவும் மெல்லிதாகப் போட்டு, உராய்ந்து சமப்படுத்தினேன். தடிப்பாக ஒரேயடியாக அப்பினால் ஏறி இருந்த உடனே வெடிக்கும்.

நிறம் தண்ணீரில் கலந்த நிறப்பூச்சு. சாம்பல் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அதற்குள் கொஞ்சம் மஞ்சள், துளி கறுப்பு என்று கலப்பு இருக்கிறது. தலைச்சாய்வின் அடியில் இருந்த பழைய நிறத்தோடு ஒப்பிட்டு, ஒரு ரெக்சின் துண்டில் பூசி, ஹெயார் டிரையரால் காயவைத்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். ஈரத்தில் இருக்கும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. பகல் வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம், மஞ்சள் பல்ப்பின் கீழ் எல்லாச் சாம்பலும் ஒன்றாகத்தான் தெரியும். முதல் பூச்சை ஸ்பொஞ்சால் தேய்த்து நாருக்குள் இறக்கினேன். அதற்குப் பிறகு தேய்ப்பு இல்லை, ஒற்றி ஒற்றி எடுப்பதுதான். ஒற்றும்போதுதான் தோலின் வரி போன்ற மேடு பள்ளம் கிடைக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஹெயார் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன், கிட்டப் பிடித்தால் தோல் சுருங்கும். கடைசியில் மங்கல் வகை மேற்பூச்சு. உட்காரமுன் ஒரு இரவாவது விட வேண்டும், முழுதாக இறுக அதைவிடக் கனநாள் எடுக்கும்.

இனி கண்டிஷனர். பூச்சுள்ள தோலில் அது பெரிதாக உள்ளே போகாது. தையல் துளை, நுண்ணிய வெடிப்பு, தேய்ந்த இடம் வழியாகக் கொஞ்சம் இறங்கும். அதன் முக்கியமான உதவி மேற்பரப்பில்தான்: உராய்வு குறையும், கிரீச்சென்ற சத்தம் நிற்கும், நீல ஜீன்ஸின் சாயம் லேசில் ஒட்டாது. ஆகவே ஒரு நாணயம் அளவு எடுத்து ஒரு முழுச் சாய்வுக்கும் பரப்பி, சற்றுப் பொறுத்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கையில் வழுக்கினால் கூடப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். மினுங்க வைப்பதற்காக விற்கும் சிலிக்கன் திரவங்களை நான் தொடுவதில்லை. பின்னால் நிறம் கொடுக்க வரும்போது பூச்சைப் பிடிக்க விடாதவை அவைதான்.

தோலை உண்மையில் உலர்த்துவது வெயில். சித்திரை, வைகாசியில் கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் காருக்குள் 60 பாகை வரை சூடேறும். அந்தச் சூட்டில்தான் பதனிடும்போது ஏற்றிய எண்ணெய் மெல்ல மெல்லப் போகிறது. முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்புத் தட்டி வாங்கி வைத்தோம், காரும் இப்போது மாமரப் பக்கம் மாறிவிட்டது. பிசினும் காகத்தின் எச்சமும் கூரையில் விழும், அதைக் கழுவிவிடலாம். சீற்றில் நிரந்தரமாகக் கிடந்த துவாயையும் எடுத்தாயிற்று. துவாய்க்கு அடியில் சிக்கிய மண்தான் நடுப்பகுதியை அரைத்துக்கொண்டிருந்தது. கீரிமலையிலோ கசூரினாவிலோ குளித்துவிட்டு ஈர உடுப்போடு ஏறும் அன்றைக்கு மட்டும் துவாய் விரித்து, வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு, பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிட வேண்டும். தலைச்சாய்வுக்குச் சித்தி பருத்தித் துணியில் உறை தைத்துத் தந்தார். கிழமைக்கு ஒருக்கா உடுப்போடு சேர்த்துத் தோய்க்கிறோம்.

மிஞ்சி இருப்பது ஒன்று. பின் சீற்றின் இடப்பக்க மடிப்பில் விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்திருக்கிறது. தோல் கிழியவில்லை, நூல்தான் இற்றுப்போயிருக்கிறது. மெசினில் கொடுத்தால் ஊசி புதுத் துளை போடும். துளை கூடினால் தோல் அந்த வரியிலேயே கிழியும். பழைய துளைகள் வழியாகவே வளைந்த ஊசியால் தடித்த பொலியெஸ்டர் நூல் கோத்துக் கையால் தைக்க வேண்டும். படங்களை அதே குஷன் கடை அண்ணைக்கு அனுப்பினேன். நல்லூர்த் திருவிழா முடியட்டும், காரைக் கொண்டுவாருங்கள், அரை மணித்தியாலத்து வேலை என்றார்.